வாய்க்கால் வெட்டும் உரிமை: செப்பேட்டிலிருந்து அரசாணை வரை

பல்லவர், சோழர் செப்பேடுகளைப் படிப்போர் அவற்றின் பிற்பகுதியில் ஒரு தொடரமைப்பு திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். ‘பெறுவதாகவும்’, ‘பெறாதாராகவும்’ என்று முடியும் தொடர்கள் அவை. கொடையாக ஓர் ஊரை ஏற்றவர்கள் அவ்வூரில் எவற்றையெல்லாம் செய்யலாம், ஏனையோர் எவற்றைச் செய்யலாகாது என்பதை அத்தொடர்கள் வரையறுக்கின்றன. சுட்ட ஓட்டால் மாடமாளிகை எடுக்கலாம், துரவும் கிணறும் இழிக்கலாம், தென்னை இடலாம், தமனகமும் செங்கழுநீரும் நடலாம். செங்கழுநீர் நடுவதற்குக்கூட ஒருவர் கேட்டுப் ‘பெற’ வேண்டியிருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அந்த வரிசையில் முன்னணியில் நிற்பது வாய்க்கால்.

நீர்வழியில் கை வைப்பதற்கு முன் மேலிடத்தின் இசைவைப் பெறவேண்டும் என்பது வெள்ளையர் ஆட்சி புகுத்திய வழக்கம் என்று கருதுவோர் உளர். பழந்தமிழ் ஊர்கள் தம் ஏரியையும் வாய்க்காலையும் எவரையும் கேளாமல் தாமே ஆண்டன என்னும் இனிய கற்பனை மேடைகளிலும் மலர்களிலும் பல்லாண்டுகளாக உலவி வருகிறது. கல்வெட்டும் செப்பேடும் அவ்வாறு கூறவில்லை. அவை காட்டும் தமிழகத்தில் இசைவு எப்போதும் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது, தண்டத்தோடும் இருக்கிறது. பிற்காலத்தில் மாறியது, அந்த இசைவு யாரை எதற்குக் கட்டியது என்பதே. அம்மாற்றம் எங்கே நேர்ந்தது என்பதைக் காண முற்படின், எட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

செப்பேடுகளின் இசைவு

இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்றவை காசாக்குடிச் செப்பேடுகள். ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊரைச் சேட்டபாத சோமயாசி என்பவருக்கு மன்னன் அளித்த செய்தியை அவை கூறுகின்றன. சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகிய மூன்றிலிருந்தும் அவ்வூருக்கு நீர் கொணர ஆற்றுக்காலும் வெள்ளக்காலும் தோண்டிக்கொள்ளும் உரிமை அதில் எடுத்துரைக்கப்படுகிறது. ஆற்றுக்கால் என்பது ஆற்றிலிருந்து முறையாகப் பிரியும் கால். வெள்ளக்கால் என்பது பெருக்குக் காலத்தில் மிகுந்து வரும் நீரை வாங்கிக்கொள்ளும் கால். இரண்டையும் வேறுபடுத்திக் கூறும் நுட்பம் எழுதியவரின் நீரறிவைப் புலப்படுத்துகிறது. மூன்று நீர்நிலைகளும் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. பெயர் சுட்டப்பெறாத நீரில் அவ்வூருக்கு உரிமை இல்லை என்பது அதன் உட்பொருள்.

அதே ஆவணம் அடுத்ததாகப் பிறரை நோக்குகிறது. இக்கால்களில் கூடையால் நீர் இறைப்போர், கிளைக்கால் வெட்டுவோர், சிற்றேற்றம் இட்டு நீர் கொள்வோர் ஆகியோர் அரசன் கொள்ளும் தண்டத்துக்கு உள்ளாவர். உரிமையைக் கொடுத்த கை அவ்வுரிமையைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. கொடுத்தவன் விலகிப் போய்விடவில்லை.

சோழர் காலத்தில் இவ்வாசகம் மேலும் விரிந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று உலகம் அறிந்தவை அந்தக் கொடையின் ஆவணமே. கடல் கடந்த ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்த புத்தப் பள்ளிக்கும் அந்தணர் ஊருக்கும் நீரைப் பொறுத்தவரை ஒரே வாசகந்தான். நீருக்கு ஏற்றவாறு வாய்க்கால் குத்திப் பாய்ச்சலாம். அவ்வாய்க்கால்களின்மேல் பிறர் குற்றேத்தம் பண்ணலாகாது, கூடைநீர் இறைக்கலாகாது, விலங்கடிக்கலாகாது. குற்றேத்தம் என்பது சிறிய ஏற்றம். விலங்கடித்தல் என்பது ஓடும் நீரின் குறுக்கே அணைபோல் அடைத்தல். கால்நடையைக் கட்டும் விலங்கும் நீரைக் கட்டும் விலங்கும் மொழியில் ஒன்றாகவே இருந்தன.

சோழர் செப்பேடுகளில் இன்னொரு கூறும் உண்டு. அது பெரிதும் கவனிக்கப்படாமல் போயிற்று. புறவூர் நிலங்களின் ஊடாகக் கொடையூருக்கு வரும் வாய்க்காலில் நீர் தடையின்றிப் பாய வேண்டும். அவ்வாறே கொடையூர் நிலத்தின் ஊடாகப் புறவூர்களுக்குச் செல்லும் வாய்க்காலிலும் நீர் தடையின்றிப் பாய வேண்டும். பாய்வதோடு ‘வாரவும்’ வேண்டும் என்கிறது ஆவணம். வாருதல் என்பது தூர் எடுத்தல். ஆக, கீழூரார் மேலூர் நிலத்துக்குள் நுழைந்து வாய்க்காலைத் தூர்வாரும் உரிமையும் எழுத்தில் உறுதி செய்யப்பட்டது. நீரைப் பெறும் ஊர் தருவதற்கும் கடமைப்பட்டது. அரசன் கொடையாளியாக நின்றபோதும் அவன் ஆணையின் கவலை முழுவதும் மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் இடையே நடக்கும் பூசலைப் பற்றியதாகவே இருக்கிறது.

ஆணை எவ்வாறு நிறைவேறியது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. மன்னனின் வாய்மொழி ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் ஒப்பிட்டு, வரிப்பொத்தகத்தில் பதிந்து, நாட்டாருக்கு அனுப்பப்பட்டது. நாட்டார் ஓலையை எதிர்கொண்டு தொழுது, தலைமேல் வைத்து, எல்லைகளைப் பிடியானையோடு வலம்வந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர். எல்லை நடக்கும்போது வாய்க்கால்கள் ஒவ்வொன்றையும் கடந்தே நடந்தனர். அக்கம் பக்கத்து ஊரார் கண்ணெதிரேதான் அது நடந்தது. மறுப்பு உள்ளவர் வாய் திறக்க அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. திறந்தார்களா என்பது தனி வினா. யானையின் முன் நின்று மறுப்புக் கூறுவது எளிதன்று.

வாரியமும் கண்ணாறும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலாம் பராந்தகனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் முந்நூற்றறுபது நாள் பணி செய்தனர் என்று கூறுகின்றன. அவ்வூரின் பெரிய ஏரி வயிரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மன் காலத்தோடு தொடர்புடைய அந்த ஏரியைப் பேணுவதே ஏரி வாரியத்தின் தலையாய பணியாக இருந்தது. ஏரிப்பட்டி நிலங்களின் வருவாயும் மீன்பாட்டமும் தூர்வாரும் செலவுக்கு ஒதுக்கப்பட்ட செய்தி தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் கிடைக்கிறது.

சபையின் இசைவு இல்லாமல் ஒருவர் புதுக் கால் வெட்டுவது அரிதாயிருந்ததற்கு ஒரு காரணம் நில அளவை முறையிலேயே புதைந்திருந்தது. அக்கால ஆவணங்களில் நிலத்தின் முகவரி நீரால் ஆனது. இன்ன வதிக்குக் கிழக்கும் இன்ன வாய்க்காலுக்கு வடக்குமாக இத்தனையாம் கண்ணாற்றில் இத்தனையாம் சதுக்கம் என்று எழுதுவார்கள். வதி ஒரு திசையில் ஓடும். வாய்க்கால் அதற்குக் குறுக்கே ஓடும். கண்ணாறு கிளையாகப் பிரியும். வாய்க்கால் ஒன்று இடம் பெயர்ந்தால் நீர் மட்டும் பெயர்வதில்லை. அதன் கரையிலுள்ள நிலங்கள் அனைத்தின் விலையாவணமும் பொய்யாகிவிடும். கோயில் நிலத்துக்கு வாய்க்கால் வெட்ட விரும்பிய கொடையாளர்கள் அவ்வாய்க்கால் செல்லும் நிலத்தைச் சபையிடம் விலை கொடுத்து வாங்கி, இறையிலியாக்கி, கல்லில் வெட்டுவித்த பின்னரே மண்வெட்டியை எடுத்தனர். ஒப்புதலை எழுதிய ஓலைக்கு இசைவுத்தீட்டு என்று பெயர். அருஞ்சொல் தேடும் கவிஞர்கள் இச்சொல்லை மறந்துவிட்டது வருந்தத்தக்கது.

எனினும் இச்சித்திரத்தைப் பொன்வண்ணத்தில் மட்டுமே தீட்டுதல் முறையாகாது. குடவோலைக்குள் பெயர் விழ வேண்டுமாயின் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தோரின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. வெட்டி, அமஞ்சி என்று கல்வெட்டுகள் குறிக்கும் ஊதியமற்ற உழைப்பே கரைகளை உயர்த்தியது. மடை திறந்தவர், நீர் பாய்ச்சியவர், இரவில் கரை காத்தவர் ஆகியோர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று வட்டாரத்துக்கொரு பெயரால் அழைக்கப்பட்டனர். பல இடங்களில் அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரைப் பங்கிடும் நுட்பம் அவர்கள் கையில் இருந்தது. நீருக்கு உரிமை அவர்கள் கையில் இல்லை. ‘மடையன்’ என்னும் பணிப்பெயர் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாக ஒலிக்கும் நிலையை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வரலாற்றின் மறுபக்கம் விளங்கும்.

குடியும் மராமத்தும்

குடிமராமத்து என்ற சொல்லே ஒரு வரலாறு. குடி தமிழ், மராமத்து அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. செப்பனிடுதல் என்று பொருள்படும் அச்சொல் நவாபுகளின் ஆட்சி மொழியிலிருந்து ஊருக்குள் நுழைந்து தமிழோடு பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டது. செயல் அதற்கு முற்பட்டது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னர் ஊரார் கூடி வரத்துக்காலையும் பாசனக்காலையும் வெட்டிச் செப்பனிடுவர். பெரிய பழுதுகளுக்கு விளைச்சலிலிருந்து ஏரி மேரை என்று ஒரு பங்கு எடுத்து வைக்கப்படும். அரசின் வாரம் பிரிக்கப்படும் முன்னரே களத்தில் அப்பங்கு பிரிந்துவிடும் என்பது முக்கியமானது. ஏரிக்கு உரியதை அரசனும் தொடமாட்டான் என்பது அதன் பொருள்.

கும்பெனியின் வருவாய் அதிகாரிகளுக்கு இந்த ஏற்பாடு முதலில் புதிராக இருந்தது. செங்கற்பட்டு ஜாகீரில் 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அதை ஓரளவு புரிந்துகொண்டவர் எனலாம். மதுராந்தகத்தில் அவர் பெயரோடு இணைந்த கதையைச் செங்கற்பட்டு மக்கள் இன்றும் கூறுவர். ஏரிக்கரை பெருமழையில் உடைந்துகொண்டே இருந்தது, கரை நிலைத்தால் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்து தருவதாக அவர் நேர்ந்துகொண்டார், மழை கொட்டிய இரவில் வில்லேந்திய இருவர் கரையில் நிற்கக் கண்டார், கரை உடையவில்லை. ஏரி காத்த இராமர் என்ற திருப்பெயர் அதனால் வழங்கலாயிற்று. சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்லெழுத்தும் உண்டு. கதையின் பக்திச் சுவை ஒருபுறமிருக்க, அதனுள் உறையும் நடைமுறை உணர்வு சுவையானது. புதிதாக வந்த அதிகாரம், கரையில் வேலை தொடங்குமுன் அவ்விடத்துக்கு உரியவரோடு ஓர் உடன்பாடு செய்துகொள்கிறது. மக்கள் நினைவில் நிலைத்தது கலெக்டரின் பொறியியல் அன்று. அவர் கேட்டார் என்பதே.

பின்வந்தோர் கேட்கவில்லை. நிலவரித் திட்டம் ரயத்துவாரியாக மாறியபோது களத்தில் பிரிந்த மேரைகள் பலவும் வரிக்கணக்கில் கரைந்தன. ஏரிக்கென இருந்த வருவாய் கருவூலத்துக்குப் போயிற்று. ஏரியின் பழுது ஊரிலேயே தங்கிற்று. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எடுத்த அணைகள் போன்ற பெரும்பணிகள் ஆட்சியின் கண்ணைக் கவர்ந்தன. அவை வருவாயைப் பெருக்கின. ஊர்க்குளங்கள் அவ்வாறு பெருக்கவில்லை.

சட்டம் எடுத்துக்கொண்டதும் விட்டுவைத்ததும்

1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம். அதன் முற்பகுதி ஆபத்துக் காலம் பற்றியது: ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலையில் அக்கம் பக்கத்து உழைப்பாளிகளை அதிகாரி கட்டாயமாக அழைக்கலாம், கூலி தரவேண்டும். ஆறாம் பிரிவு வேறு வகையானது. வழக்கத்தால் ஊரார் கூட்டு உழைப்பில் செய்து வந்த பாசன, வடிகால் பணிகளில் தன் பங்கு உழைப்பைத் தராதவர் அவ்வுழைப்பின் மதிப்பில் இருமடங்கு செலுத்தக் கடவர் என்று அது விதித்தது. குடிமராமத்து இவ்வாறு சட்டத்துக்குள் வந்தது. ஆனால் எந்த வடிவில்? கடமை மட்டும் எழுத்தாயிற்று. ஏரி மேரை எழுத்தாகவில்லை. வாய்க்காலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் எழுத்தாகவில்லை. செப்பேட்டில் ‘பெறுவதாகவும்’ என்ற சொல்லும் ‘பெறாதாராகவும்’ என்ற சொல்லும் இணையாக நின்றன. 1858-இன் சட்டத்தில் ‘கடவர்’ என்பது மட்டும் தனித்து நின்றது.

உரிமைப் பக்கம் 1905-இல் எழுதப்பட்டது, வேறொருவர் பெயரில். அவ்வாண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில், பிறருக்குச் சொத்துரிமை உள்ளவை நீங்கலாக, ஆறு, ஓடை, ஏரி, குளம், கால்வாய், நீரோடும் வழி ஆகிய அனைத்தும், தேங்கிய நீரும் ஓடும் நீரும், அரசின் உடைமை என்று அறிவித்தது. ஓடும் நீரையே உடைமை என்று கூறத் துணிந்த அந்த வாசகம் வியப்புக்குரியது. தண்டம் விதித்த பல்லவன்கூட நீர் தன்னுடையது என்று எழுதவில்லை. இன்னார் இன்ன வழியில் கொள்ளலாகாது என்றே எழுதினான். 1905-க்குப் பின் ரயத்துவாரி ஊரில் ஒருவர் ஓடையில் மண் எடுத்தாலோ மடையைத் திருத்தினாலோ அது அண்டை வயலாரோடு மட்டும் முடியும் செய்தியாக இருக்கவில்லை. அரசின் சொத்தில் கை வைத்ததாயிற்று.

இவ்விரண்டுக்கும் நடுவே, 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. பொறியாளர்கள் ஏரி ஏரியாகச் சென்று அளந்து குறிப்பேடு எழுதினர். முழு நீர்மட்டம் எவ்வளவு, மதகுகள் எத்தனை, அவற்றின் அடிமட்டம் என்ன, கலிங்கின் நீளமும் உயரமும் எவ்வளவு, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று எண்களாக வரைந்தனர். அப்பணியின் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. தமிழகத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்றன் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்கு நீர் வரும். மேலேரியின் கலிங்கு ஒரு முழம் உயர்ந்தால் கீழேரி காயும். மேலேரியின் நீர்ப்பிடிப்போரத்து நிலங்கள் மூழ்கும். எனவே கலிங்கின் உயரத்தை எவரும் தம் விருப்பப்படி மாற்றலாகாது என்பது நியாயமே.

ஆயினும் பழைய கலிங்குகளின் அமைப்பை அறிந்தோர் அங்கே மறைந்திருந்த இன்னொரு நியாயத்தையும் அறிவர். கலிங்கின் தலைமேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். பெருமழைக் காலம் முடியும் தறுவாயில், இனி வெள்ளம் வராது என்று கணித்தபின், அக்கற்களுக்கிடையே கழியும் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வர். மீண்டும் பெருமழை வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிடுவர். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதில்தான் ஊரின் அறிவும் அண்டையூரோடு கொண்ட உடன்பாடும் இருந்தன. குறிப்பேட்டில் எழுதப்படும் எண் ஆண்டு முழுவதற்கும் ஒன்று. கலிங்குக் கல்லின் இடைவெளி பருவத்துக்குத் தக்கது. எண் சட்டமானபோது இடைவெளியை அடைப்பது மேலதிகாரியின் ஆணைக்குக் காத்திருக்கும் செயலாயிற்று. ஆணை வருவதற்குள் மழை வந்துவிடும், அல்லது நின்றுவிடும்.

இதே சென்னை அரசு, தான் கீழ்மடையில் நின்றபோது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இங்கு ஒப்பிடுதல் பொருந்தும். 1892 பிப்ரவரி 18-இல் மைசூர் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பட்டியலிட்ட ஆறுகளிலும் ஓடைகளிலும் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டுமுன் முழு விவரத்தையும் சென்னைக்கு அனுப்பி முன்னிசைவு பெறவேண்டும். சென்னையோ அந்த இசைவைக் காரணமின்றி மறுக்கலாகாது. ஏற்கனவே நிலைபெற்று நடைமுறையில் உள்ள அனுபவ உரிமையைக் காப்பதற்காக மட்டுமே மறுக்கலாம். பிணக்கு நேர்ந்தால் நடுவரிடம் செல்லலாம். கண்ணம்பாடியில் நீர்த்தேக்கம் கட்ட 1910-இல் மைசூர் இசைவு கேட்டதும், சென்னை அதைக் குறைத்தே தர முன்வந்ததும், 1914-இல் நடுவர் தீர்ப்பு வந்ததும், பின்னும் இழுபறியாகி 1924 பிப்ரவரி 18-இல் புதிய உடன்படிக்கை ஏற்பட்டதும் பலரும் அறிந்தவை. அவ்வழக்கின் நியாய அநியாயங்கள் இங்குப் பொருளல்ல. மறுப்பதற்கு வரம்பு, காரணம் கூறும் கடமை, நடுவர் என்னும் மூன்றையும் இரு அரசுகள் தமக்குள் ஒப்புக்கொண்டன. மறுக்கப்பட்ட ஊருக்கு அம்மூன்றில் ஒன்றேனும் அவ்வளவு தெளிவாக எழுத்தில் தரப்படவில்லை.

விடுதலைக்குப் பின்

1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் ஏரிகளையும் அரசிடம் கொண்டு சேர்த்தது. நாற்பது ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பகுக்கப்பட்டன. மாநிலத்தின் ஏரிகள் ஏறத்தாழ 39,000. வரத்துக்கால் வருவாய்த்துறையின் பதிவேட்டில், கரை பொதுப்பணித்துறையின் பதிவேட்டில், கரையிலுள்ள மரம் ஒருவர் கையில், மீன் இன்னொருவர் குத்தகையில் என்று ஓர் ஏரி பல அலுவலகங்களில் சிதறியது. முன்பு மீன்பாட்டத்தின் காசு ஏரிக்கே திரும்பியது; இப்போது மீன் விற்ற காசுக்கும் தூர்ந்த மடைக்கும் தொடர்பு அற்றது. கிணறும் மின்மோட்டாரும் பெருகிய பின்னர் நிலமுடையோரே ஏரியை மறந்தனர் என்பதும் உண்மை. குற்றம் முழுவதையும் அலுவலகங்கள்மேல் சுமத்துவது முறையன்று. பல்லவர் காலத்துக் குற்றேத்தம் எண்ணெய் எந்திரமாக வடிவெடுத்து வாய்க்கால் கரையில் இரவில் ஓடியது. தண்டம் வாங்க அரசன் வரவில்லை.

தூர்மண்ணின் கதை தனியே கூறத்தக்கது. வண்டலும் கரம்பையும் வயலுக்கு உரம். கோடையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டிகள் வரிசையாக இறங்கி வண்டலை வாரிச் செல்லும். ஏரி ஆழமாகும், வயல் செழிக்கும், எவருக்கும் செலவில்லை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் மண்ணைக் கனிமமாக்கின. விற்பனைக்காக மண் அள்ளிய கொள்ளையை நோக்க அவ்விதிகளின் தேவையை மறுக்கவியலாது. ஆனால் விதியின் கண்ணுக்குச் செங்கற்சூளைக்கு மண் ஏற்றும் லாரியும் வயலுக்கு வண்டல் ஏற்றும் வண்டியும் ஒன்றாகவே தெரிந்தன. இசைவின்றி இறங்கிய உழவர் கனிமத் திருட்டுக்குள் அடங்கலானார். பலர் இறங்குவதையே விட்டனர். ஏரிகள் மேடேறின, மேட்டில் கருவேலம் முளைத்தது, ஓரத்தில் வீடுகள் முளைத்தன. அவற்றை அகற்ற 2007-இல் தனியே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளில் உழவர் மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழம்பெயரையே அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். செலவில் பத்து விழுக்காட்டை உழைப்பாகவோ பணமாகவோ சங்கத்தார் தரவேண்டும் என்பது விதி. பத்தில் ஒன்று என்ற அளவு, ஏரி வெட்டியோர்க்கும் பேணியோர்க்கும் பழைய ஆட்சிகள் அளித்த தசபந்த மானியத்தை நினைவூட்டுகிறது. ஆனால் திசை எதிரானது. தசபந்தம் உழைத்தவருக்குக் கிடைத்த பங்கு; இது உழைப்பவர் தரவேண்டிய பங்கு. பெயர் மீண்ட அளவுக்கு மேரை மீளவில்லை. உள்ளூர்ச் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர் வேலை செய்தார் என்ற குறையும் பல மாவட்டங்களில் எழுந்தது. நன்றாக நடந்த ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் கரையில் நின்று மேற்பார்த்தவர்கள் அந்தக் கரையின்கீழ் நிலம் வைத்திருந்தவர்களே.

வண்டல் எடுக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றிருந்த விதி 2024-இல் தளர்ந்தது. உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி வண்டலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்றாயிற்று. மாவட்டத் தலைநகருக்கு நடந்த நடை வட்டத் தலைநகரோடு நின்றது. கோடையின் சில கிழமைகளுக்குள் வண்டல் எடுத்தாக வேண்டிய உழவருக்கு அது சிறிய நன்மை அன்று. குயவர் பெயரும் அனுமதி பெறுவோர் வரிசையில் எழுதப்பட்டது. குடவோலைக்குள் பெயர் விழாத மக்கள், ஏரி மண்ணை எடுக்க உரியோர் என்று ஓர் ஆணையில் பெயர் சுட்டப்படுவது தமிழக நீர் வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று. அவ்வனுமதி மண்ணோடு நிற்பது. கரையும் மதகும் கலிங்கும் அதற்குள் அடங்கா. கலிங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே பெருமழைக் காலம் முடியும் தறுவாயில் வைக்கோலும் மண்ணும் வைக்க எவரிடம் கேட்பது என்பதை அது கூறவில்லை.